பேஸ்மென்ட் ஓதமும் டீஹியூமிடிஃபையரும்: வாங்குவது முதல் குழாய் மாட்டுவது வரை

டொரொண்டோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து வீடுகளில் ஜூன் பிறந்தால், மண்ணுக்குள் இறங்கிய கீழ்த்தளமான பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு வாடை கிளம்பும். படிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை. கொஞ்ச நாளில் பெட்டியின் அடி இளகும், டப்பாவில் இருந்த அப்பளம் நமத்துப் போகும், சுவரோரம் கிடந்த தோல் செருப்பில் பச்சை பூக்கும். உடனே எல்லோரும் செய்வது, காற்றோட்டம் வேண்டும் என்று பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்துவிடுவது. ஊரில் அது சரியான வைத்தியம். கனடாவின் கோடையில் பாதி ஓதம் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜூலை மாத நண்பகல், வெளியே 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65 சதவீதம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 17, 18 கிராம் நீராவி இருக்கும். மண்ணுக்குள் புதைந்த கான்கிரீட் தரையும் சுவரின் அடிப்பகுதியும் அப்போதும் 18 டிகிரி பக்கத்தில்தான் கிடக்கும். 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 15.4 கிராம் மட்டுமே. மிச்சம், குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, தரையிலும் சுவரிலும் வேர்த்து நிற்கும். தரை வேர்ப்பது கண்ணுக்குத் தெரியும். ஜிப்சம் பலகைக்குப் பின்னால் கான்கிரீட் வேர்ப்பது தெரியாது. பூஞ்சணம் முதலில் குடியேறுவது அங்கேதான்.

ஆகவே காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் பொறியான டீஹியூமிடிஃபையரை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய, காசு செலவில்லாத வேலை: மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை பேஸ்மென்ட் ஜன்னல்களை மூடி வைப்பது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டீஹியூமிடிஃபையரை ஓட்டுவது தெருவையே உலர்த்த முயல்வதற்குச் சமம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டீஹியூமிடிஃபையர் காற்றில் இருக்கும் ஆவியை எடுக்கும். சுவர் விரிசல் வழியே வரும் தண்ணீரை அது நிறுத்தாது. எந்த வகை ஈரம் என்று தெரியாமல் பொறி வாங்கினால் மாதாமாதம் மின் கட்டணம் கட்டி மழைநீரை இறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சோதனை எளிது. சமையலறை அலுமினியத் தாளில், அல்லது தடித்த பிளாஸ்டிக் விரிப்பில், 45 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, வெறும் கான்கிரீட் மீது நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். தரையில் ஒன்று, வெளிச்சுவரில் ஒன்று. ஒரு முழு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். தாளின் மேல்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது, பொறி தீர்த்துவிடும். உரித்த பிறகு அடிப்பக்கம் நனைந்திருந்தாலோ, தாளுக்குக் கீழே கான்கிரீட் கருத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. சுவரில் மாவு போல வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும் அதற்கு அடையாளம்: தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறி வந்து, உப்பை விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது.

மண் ஓதம் என்றால் வேலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா, பீலியிலிருந்து இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா என்று மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். அந்தக் குழாயின் வாய் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். சுவரை ஒட்டிய மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால், முதல் 2 மீட்டருக்குள் 10 முதல் 15 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சரியும்படி மண் கொட்டுங்கள். பேஸ்மென்ட் ஜன்னல் குழியில் சரளைக் கல்லுக்கு மேல் இலையும் சேறும் சேர்ந்திருந்தால் அள்ளிவிடுங்கள். பத்தில் ஏழு எட்டு வீட்டுக்கு இதற்கு மேல் தோண்ட வேண்டியிருக்காது என்பது எங்கள் கணிப்பு. நீர்த்தடுப்பு ஒப்பந்தக்காரரை அழைப்பது அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்குள்ளேயே ஆவி உண்டாகும் இடங்களையும் பாருங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்குழாய் கழன்று உள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும். இயந்திரத்தை முன்னே இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடி கட்டித் துணி காயப் போட்டால் ஒரு தடவைத் துணியிலிருந்து ஓரிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். பேஸ்மென்ட்டில் இரண்டாவது சமையலறை வைத்திருக்கும் வீடுகளில் இட்லி, புட்டு அவிக்கும் ஆவி மேலே உள்ள விசிறி வழியாக உண்மையிலேயே வெளியே போகிறதா, அல்லது வடிகட்டி வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே வருகிறதா? தரைக்கடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் குழிக்கு இறுக்கமான மூடி இருக்கிறதா? இவற்றோடு பலர் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு இணைந்த, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரில் கோடை, குளிர்காலம் என்று இரண்டு நிலையுள்ள ஒரு தகடு இருக்கும். அதைக் கோடை நிலைக்குத் திருப்பாவிட்டால், அதன் ஈரப்பதக் குமிழையும் அணைக்காவிட்டால், ஒரு பொறி ஈரம் ஊற்ற, இன்னொரு பொறி ஈரம் எடுக்கும்; இரண்டுக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள்.

வெள்ளம் வேறு விஷயம். 2013 ஜூலை 8-இல் டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2024 ஜூலை 16-இல் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் புகுந்தால் டீஹியூமிடிஃபையர் கடைசி ஆயுதம். தரையில் தண்ணீர் நிற்கும்போது மின்பெட்டியையோ பிளக்கையோ தொடாதீர்கள். தண்ணீரை இறைத்து, கம்பளத்தையும் அதன் அடி மெத்தையையும் வெளியேற்றி, நனைந்த ஜிப்சம் பலகையை வெட்டி எடுத்த பிறகே பொறிக்கு வேலை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடும் என்று கொள்ளுங்கள்.

எந்த அளவுப் பொறி?

கடைப் பெட்டியில் 22, 35, 50 என்று பைன்ட் கணக்கில் எழுதியிருக்கும். ஒரு நாளில் எத்தனை பைன்ட் தண்ணீர் எடுக்கும் என்பது அதன் பொருள். ஒரு அமெரிக்க பைன்ட் 473 மில்லிலிட்டர். 50 பைன்ட் என்றால் 23.7 லிட்டர்.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்க எரிசக்தித் துறை சோதனை முறையை மாற்றியது. அதற்கு முன் 26.7 டிகிரி அறையில் வைத்து அளந்தார்கள், இப்போது 18.3 டிகிரியில் அளக்கிறார்கள். பேஸ்மென்ட்டின் உண்மையான வெப்பநிலை அதுதான். குளிர்ந்த காற்றில் ஆவி குறைவு, ஆகவே அதே பொறியின் எண் குறைந்துவிட்டது. பழைய 70 இப்போதைய 50. பழைய 50 இப்போது 30 அல்லது 35. பழைய 30 இப்போது 20 அல்லது 22. பழைய 70 பைன்ட் பொறியை மலிவாக விற்கிறேன் என்று யாராவது சொன்னால், இன்றைய 50-ஐ விட அது பெரிது என்று எண்ணி ஏமாற வேண்டாம். இணையத்தில் லிட்டர் கணக்கில் விற்கும் சில பொறிகளை 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்திருப்பார்கள். அந்த எண்ணின் பாதிகூட உங்கள் பேஸ்மென்ட்டில் வராமல் போகலாம்.

500 சதுர அடிக்குள், லேசான வாடை மட்டும் என்றால் 20 அல்லது 22 பைன்ட் போதும். 500 முதல் 1,000 சதுர அடி வரை, தரை எப்போதாவது வேர்க்கிறது என்றால் 30 அல்லது 35. அதற்கு மேல், அல்லது சுவரில் ஈரத் தடம் தெரிகிறது என்றால் 50. இரண்டுக்கும் நடுவில் நின்றால் பெரியதை வாங்குங்கள். விலை வித்தியாசம் அதிகமில்லை. சிறியது நாள் முழுக்க மூச்சுவாங்கி ஓடும் இடத்தில் பெரியது ஓடி முடித்து ஓய்வெடுக்கும்.

கையடக்கமாக, சத்தமே இல்லாமல், முப்பது நாற்பது டாலருக்கு விற்கும் குட்டிப் பொறிகளில் கம்ப்ரசர் இருக்காது. நாளுக்குச் சில நூறு மில்லிலிட்டர் எடுத்தால் பெரிது. அலமாரிக்குள் வைக்கலாம், பேஸ்மென்ட்டுக்கு ஆகாது.

பழைய பொறி வாங்குவதானால் பின்பக்கம் ஒட்டிய சீட்டிலுள்ள மாடல் எண்ணை அரசின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடாமல் காசு கொடுக்காதீர்கள். கிரீ நிறுவனம் தயாரித்து 2005 முதல் 2013 வரை பல பிராண்டுப் பெயர்களில் விற்ற லட்சக்கணக்கான டீஹியூமிடிஃபையர்கள் தீப்பிடிக்கும் ஆபத்தால் 2013-இல் திரும்பப் பெறப்பட்டன. 2021-இல் நியூ வைட்டெக் தயாரித்தவற்றுக்கும் இதே அறிவிப்பு வந்தது. அவற்றில் சில இன்னும் யார் வீட்டுப் பேஸ்மென்ட்டிலாவது ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கே வைப்பது, எதில் செருகுவது

காரில் படுக்கவைத்து வந்த பொறியை நிமிர்த்தி ஒரு நாள் அப்படியே விடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்ப இறங்குவதற்குள் ஓட்டினால் கம்ப்ரசர் கெடும். இயன்றவரை நிமிர்த்தியே ஏற்றி வருவது நல்லது.

அறையின் நடுப்பக்கம், காற்று உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் 30 சென்டிமீட்டராவது திறந்திருக்கும்படி வையுங்கள். காற்றை மேல்பக்கமாக வெளியேற்றும் வகையைச் சுவரருகே தள்ளலாம், மேலே 45 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் போதும். சோபாவுக்குப் பின்னாலும் துணி துவைக்கும் அறைக்குள் கதவைச் சாத்தியும் வைத்தால் அந்த மூலை பாலைவனமாகும், படுக்கையறை பழையபடி நாறும். உள் கதவுகளைத் திறந்து வையுங்கள்; தூரத்து அறையிலிருந்து பொறியை நோக்கி ஊதும்படி ஒரு சின்ன மேசை விசிறி வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, கட்டில் தலைமாடு எல்லாவற்றையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் முன்னே இழுங்கள். சேலைப் பெட்டியும் புத்தகப் பெட்டியும் வெறும் கான்கிரீட்டில் இருக்கக் கூடாது. கீழே பலகை கொடுங்கள், அட்டைக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி மாற்றுங்கள்.

மின்சாரத்துக்கு நில இணைப்புள்ள சுவர்ச் செருகி வேண்டும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் பொறி இது; மெல்லிய நீட்டுக் கம்பியில் செருகினால் கம்பி சூடேறும். அதே சர்க்கியூட்டில் ஃப்ரீசர் இருந்தால் பிரேக்கர் விழும் வாய்ப்பு உண்டு. விழுந்தது தெரியாமல் போனால் மீன், இறைச்சி எல்லாம் போகும்.

வாளியை நம்பாமல் குழாய் மாட்டுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்குப் பொறி பயன்படாமல் போகிறது. 35, 50 பைன்ட் பொறிகளின் வாளி 6, 7 லிட்டர் அளவில் இருக்கும். ஈரமான ஜூலையில் அது பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பும். நிரம்பியதும் பொறி நின்றுவிடும். காலையில் ஒரு முறை மட்டும் வாளியைக் கொட்டினால், பொறி பாதி நாள் சும்மா நிற்கிறது என்று பொருள்.

ஒன்டாரியோ வீடுகளில் ஃபர்னஸ் பக்கத்தில் தரையில் ஒரு வடிகால் துளை இருக்கும். அங்கே வரை குழாய் போக வேண்டும். பெரும்பாலான பொறிகளின் பின்பக்கத் துளை சாதாரணத் தோட்டக் குழாயின் முக்கால் அங்குலத் திருகை ஏற்கும். இரண்டு மீட்டர் நீளத் துண்டுக் குழாய் ஒன்றை வாங்கி இப்படி மாட்டுங்கள்:

பொறியை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றுங்கள்; சில பொறிகளில் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அடைப்பும் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். குழாய் வாயில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் நேராகத் திருகுங்கள். குறடு போட்டால் பிளாஸ்டிக் மரை உடையும். பொறியை வடிகால் துளையை விட உயரத்தில், உறுதியான பலகை அல்லது கான்கிரீட் கல் மேல் ஏற்றுங்கள். குழாய் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதமாவது தொடர்ந்து இறங்க வேண்டும். நடுவில் மேடு கூடாது, சுருள் கூடாது. தண்ணீர் தன் பாரத்தில் மட்டும் வடிவதால், 2 சென்டிமீட்டர் மேடு இருந்தாலும் அங்கே தேங்கி வாளிக்குள் திரும்பும். குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்காமல் துளைக்கு மேல் நிற்கட்டும். கடைசியாக வாளியைத் திரும்பச் செருகுங்கள். குழாய் மாட்டியிருந்தாலும் வாளி இடத்தில் இல்லாவிட்டால் பல பொறிகள் ஓடாது.

இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. தரை வடிகாலின் வளைகுழாயில் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு மேலே வராது. கோடையில் அந்தத் தண்ணீர் வற்றி நாற்றம் வரும் வீடுகளில் பொறியின் தண்ணீரே அதை நிரப்பிக்கொண்டிருக்கும்.

தரை வடிகால் எட்டாத தூரத்தில் இருந்தால் துணி துவைக்கும் தொட்டிக்கு மேலே அகலப் பலகை போட்டு அதன் மேல் வைக்கலாம். 50 பைன்ட் பொறி 18 முதல் 20 கிலோ வரை இருக்கும், பலகை தாங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே பம்ப் உள்ள வகையை வாங்குங்கள். அது மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை மேலே ஏற்றித் தொட்டியில் விடும். பம்ப் இருந்தாலும் முதல் வாரம் தினமும் போய்ப் பாருங்கள்.

அந்தத் தண்ணீர் காய்ச்சி வடித்த தண்ணீர் போலத்தான் தெரியும். குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கம்பிச் சுருளின் உலோகமும் வாளியின் பூஞ்சணமும் அதில் இருக்கும். கழிவறைக்கு ஊற்றலாம்.

எத்தனை சதவீதத்தில் வைப்பது

கனடிய சுகாதாரத் துறையின் பரிந்துரை கோடையில் 50 சதவீதம், கடும் குளிரில் 30 சதவீதம் அளவு. 60-ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். 50-க்குக் கீழே வந்தால் தூசிப் பூச்சிகளுக்குச் சிரமம்.

பொறியின் முகப்பில் தெரியும் எண்ணை முழுதாக நம்பாதீர்கள். அது பொறிக்கு அருகே உள்ள காற்றை அளக்கிறது, நாலைந்து புள்ளி தவறவும் செய்யும். பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, பொறியிலிருந்து தூரமான அறையில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வையுங்கள். அது சரிதானா என்று பார்க்கச் சமையல் உப்பே போதும். ஒரு போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, களி போல் ஆகும் வரை சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். உப்புக் களி உள்ளே இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். மானி 71 காட்டினால், இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

முதல் ஒரு வாரம் 45-இல் அல்லது தொடர் ஓட்டத்தில் விடுங்கள். வாளி வாளியாக வருவதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். 800 சதுர அடி பேஸ்மென்ட்டில் ஏறக்குறைய 170 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் 75 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்க அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் முக்கால் லிட்டர்கூட இல்லை! பிறகு நாளுக்குப் பத்து லிட்டர் எங்கிருந்து வருகிறது? கான்கிரீட், மரம், கம்பளம், மெத்தை, அட்டைப் பெட்டி எல்லாம் மாதக்கணக்கில் குடித்து வைத்திருந்த தண்ணீர் அது. காற்று உலர்ந்ததும் அவை கக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் வரத்து குறைய வேண்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் ஏறி இறங்கினால் மண் ஓதம். மழையில்லாமலும் குறையவே இல்லை என்றால் ஜன்னலோ உலர்த்தும் இயந்திரக் குழாயோ இன்னும் திறந்திருக்கிறது.

அதன் பிறகு 50-இல் வைத்தால் போதும். 35-க்கு இறக்கி வைப்பது வீண். பொறி நிற்காமல் ஓடும், சுருளில் பனி பிடிக்கும், மரக் கதவு சுருங்கும்.

வீட்டு ஏசி இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். மேல்தளம் சூடாக இருக்கும் வரைதான் ஏசி ஓடும். பேஸ்மென்ட்டை அது மேலும் குளிர வைத்து ஈரப்பதச் சதவீதத்தை ஏற்றிவிடவும் கூடும். தெர்மோஸ்டாட்டில் விசிறியை ஆட்டோவில் வையுங்கள். எப்போதும் ஓடும் நிலையில் வைத்தால் ஏசி நின்ற பின் அதன் சுருளில் தங்கிய தண்ணீரை விசிறி திரும்ப வீட்டுக்குள் ஊதும். புதிய வீடுகளில் இருக்கும், வெப்பத்தை வீணாக்காமல் உள்காற்றை மாற்றும் எச்.ஆர்.வி.யையும் புழுக்கமான நாட்களில் குறைத்து வையுங்கள், அது வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவருகிறது.

மின் கட்டணமும் வெக்கையும்

நல்ல பொறி ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) மின்சாரத்தில் 1.5 முதல் 2 லிட்டர் வரை எடுக்கும். நாளுக்கு 10 லிட்டர் என்றால் ஐந்தாறு யூனிட், மாதம் 150 முதல் 200. உங்கள் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட்டின் விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணம் உள்ள திட்டத்தில் சேர்ந்திருந்தால், ஈரம் வடிந்த பிறகு டைமரில் இரவு ஓட்டம் மட்டும் வைத்துப் பார்க்கலாம். பகலில் மானி 55-ஐத் தாண்டினால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தால் இந்தச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குடியிருப்பவர் சத்தம் தாங்காமல் இரவில் அணைத்து வைப்பதும், வீட்டுக்காரர் பூஞ்சணத்துக்கு அவரைக் குறை சொல்வதும் இதில் அடிக்கடி நடக்கிறது. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு.

பொறியிலிருந்து சூடான காற்று வருவது கோளாறு அல்ல. ஆவி நீராக மாறும்போது லிட்டருக்கு 0.68 யூனிட் வெப்பத்தை விடும். கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் வெப்பமாகும். 10 லிட்டர் எடுத்த நாளில் 500 வாட் ஹீட்டர் ஒன்றை இரவு பகலாக ஓட்டியதற்குச் சமம். குளிர்ந்த பேஸ்மென்ட்டுக்கு அது நல்லதே.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

முதலில் மானியைப் பாருங்கள். 45 காட்டினால் எடுக்கத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். 60-க்கு மேல் காட்டியும் வாளி காய்ந்திருந்தால் வடிகட்டியை இழுத்துப் பாருங்கள். தூசிப் படலம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும், வீட்டில் நாய் பூனை இருந்தால் வாரம் ஒரு முறை.

வடிகட்டி சுத்தம் என்றால் வெளிவரும் காற்றில் கை வையுங்கள். அறைக் காற்றை விடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். சூடே இல்லை, விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை. நிறுத்தி உடனே போட்டிருந்தால் மூன்று நிமிடம் பொறுங்கள், அது பாதுகாப்புத் தாமதம். அதற்கும் ஓடாவிட்டால் கப்பாசிட்டர் அல்லது கம்ப்ரசர் போயிருக்கும்.

சுருளில் பனி பிடிப்பதற்கு மூன்று காரணம்: அறை 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கிறது, காற்று போதவில்லை, அல்லது உள்ளே இருக்கும் குளிர்வாயு கசிந்திருக்கிறது. பொறியை அணைத்து சில மணி நேரம் உருக விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், குழாயில் துளை விழுந்தால் கதை முடிந்தது. உருகிய பின் ஓட்டும்போது சுருளின் ஒரு மூலை மட்டும் பனி பூத்து மற்ற பாகம் காய்ந்து கிடந்தால் வாயுக் கசிவு. அதைச் சரிசெய்யும் கூலி புதுப் பொறியின் விலையை நெருங்கும். உத்தரவாதக் காலம் இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். பழையதைச் சாதாரணக் குப்பையில் வீசக் கூடாது, உள்ளே குளிர்வாயு இருக்கிறது. நகராட்சியின் மின்பொருள் சேகரிப்புக்குக் கொடுங்கள்.

வாளி காலி, ஆனால் நிரம்பியதாக விளக்கு எரிகிறது என்றால் உள்ளே உள்ள மிதவை மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது வாளி கோணலாக உட்கார்ந்திருக்கும். ஒரே தொழிற்சாலையில் செய்து பல பெயரில் விற்கும் பொறிகளில் முகப்பில் வரும் எழுத்துகளுக்குக் கையேட்டையே பாருங்கள். பலவற்றில் பி1 என்றால் பனி உருக்கிக்கொண்டிருக்கிறது, பி2 என்றால் வாளி. இரண்டுமே பழுது அல்ல.

குழாய் மாட்டியும் வாளி நிறைகிறது என்றால் மேடு, அல்லது வாயில் வழவழப்பான பாசி. மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து வெளியேறும் துளையிலும் குழாயிலும் ஊற்றுங்கள். அழுக்குக் காலுறை வாடை வந்தாலும் பாசிதான், ஆனால் சுருளில்.

சுவரில் ஏற்கெனவே பிடித்த பூஞ்சணத்தைப் பொறி கொல்லாது, வளராமல் நிறுத்தும். ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்த திட்டுகள் ஒன்றிரண்டு என்றால் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் துடைத்து உடனே உலர்த்துங்கள். ப்ளீச் தேவையில்லை. ஜிப்சம் பலகைக்குள் இறங்கியிருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டி எடுக்க வேண்டும்.

கோல்ட் ரூமும் குளிர்காலமும்

முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூமில்தான் நம் வீடுகளில் அரிசி மூட்டையும் வெங்காயமும் தேங்காயும் இருக்கும். காற்று வர வெளிச்சுவரில் துளை வைத்துக் கட்டிய அறை அது. அதற்குள் டீஹியூமிடிஃபையர் வைக்காதீர்கள். வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும், பொறி ஓய்வே எடுக்காது. அக்டோபருக்குப் பின் குளிரில் உறைந்தும் போகும். அதன் கதவுக்கு ரப்பர் விளிம்பு ஒட்டி இறுக மூடி, அந்த ஈரம் பேஸ்மென்ட்டுக்குள் வராமல் பாருங்கள். கோடை மூன்று மாதம் அரிசியை அங்கிருந்து எடுத்து உலர்ந்த பக்கத்தில், பலகை மேல், மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

அக்டோபரில் வெளிக்காற்று குளிர்ந்து உலர்ந்ததும் மானி தானாகவே 50-க்குக் கீழே வந்துவிடும். அப்போது பொறியை நிறுத்தலாம். ஜனவரியிலும் 50-க்கு மேல் நின்றால், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால், ஈரம் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிறது. அப்போது கைகொடுப்பது குளியலறை விசிறியும் எச்.ஆர்.வி.யும்.

எடுத்து வைக்கும் முன் குழாயைக் கழற்றி, வாளியைக் கழுவி, விசிறியை மட்டும் ஓட்டும் நிலை இருந்தால் அதில் சில மணி நேரம் ஓட்டிச் சுருளை உலர்த்துங்கள். அந்த நிலை இல்லாவிட்டால் வாளியை எடுத்துவிட்டு இரண்டு நாள் திறந்து வையுங்கள். துணியால் மூடி, நிமிர்த்தியே வையுங்கள். மே மாதத்தில் எடுக்கும்போது முதல் வேலையாகக் குழாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கும்.